ஆயில் ஃபில்டர் டப்பாவில் அளவைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு அம்பாசடர் நிற்கிறது. மார்க் 4, பெட்ரோல், 1489 சி.சி. அப்பா 1984-ல் வாங்கியது. அவர் போன பிறகு இதை விற்கச் சொல்லாத ஆளில்லை, நான்தான் விடவில்லை. அதற்கு ஒரு ஆயில் ஃபில்டர் வாங்க மூன்று வாரம் அலைந்ததையும், அலைந்து வாங்கியதை மாட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றதையும் எழுதத்தான் இந்தக் கடிதம். சொந்தக் கதை கொஞ்சம் அதிகமாக இருக்கும். இடமில்லை என்றால் கதையை வெட்டுங்கள், டப்பாவைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவையுங்கள்.

முதலில் போனது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்பேர்ஸ் கடை. "அம்பாசடர் ஆயில் ஃபில்டர் வேணும்" என்றேன். கவுண்டரில் இருந்த பையன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கம்ப்யூட்டரில் தட்டினான், உள்ளே போய் வந்தான், ஒரு முழு ஃபில்டரை எடுத்து நீட்டினான். திருகி மாட்டுகிற வகை, சின்னச் சொம்பு மாதிரி இருக்குமே, அது. என் வண்டியில் இருப்பது வேறு: எஞ்சினில் மாட்டிய கிண்ணத்துக்குள், ஆயிலை வடிகட்டும் காகித மடிப்பை மட்டும் மாற்றுவோம், அதற்குப் பெயர்தான் எலிமெண்ட். "தம்பி, இது என் வண்டிக்கு ஆகாது, எனக்குக் கிண்ணத்துக்குள்ள போடற எலிமெண்ட்" என்றால், "சார், அம்பாசடர்னுதானே கேட்டீங்க, அட்டையில பாருங்க" என்று திருப்பிக் காட்டுகிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அட்டையில் அம்பாசடர் என்றுதான் அச்சடித்திருந்தது.

அம்பாசடர் என்பது ஒரே வண்டி என்று நினைப்பதுதான் இங்கே கோளாறு. ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலை நிற்கும்வரை வந்த வண்டி அது. வெளியே அதே உருண்டை முகம், அதே தொப்பை, ஆனால் பானெட்டைத் திறந்தால் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு எஞ்சின். பழைய இங்கிலாந்து டிசைன் பெட்ரோல் எஞ்சின் ஒன்று, அதே வழியில் வந்த டீசல் ஒன்று, தொண்ணூறுகளில் வந்த 1800 சி.சி. இசுசு பெட்ரோல், அப்புறம் இசுசு டீசல். இது கம்பெனி மாற்றியது. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் சொந்தக்காரர்களே எஞ்சினை இறக்கிவிட்டு வேறு டீசல் எஞ்சினை ஏற்றிய வண்டிகள் இந்தப் பக்கத்தில் எத்தனை ஓடின என்று பழைய டாக்ஸி டிரைவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே "அம்பாசடர் ஃபில்டர்" என்று கேட்பது செருப்புக் கடைக்குப் போய் "கடலூர்க்காரருக்கு ஒரு ஜோடி கொடுங்க" என்று கேட்பது போல.

இரண்டாவது கடையில் எலிமெண்ட்டே கிடைத்தது. ஆனால் ஒரு விரற்கடை உயரம் அதிகம். கிண்ணம் மேலே போய் உட்காரவே இல்லை. "அமுக்கி போல்ட்டை ஏத்தினா உக்காந்துடும் சார்" என்றார் மெக்கானிக். கையைப் பிடித்து நிறுத்தினேன். காகித மடிப்பு நசுங்கினால் அது வடிகட்டுமா, கிழியுமா?

கடைசியில் புதுச்சேரியில், நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு சின்னக் கடை. பெரியவர் ஒருவர் இருந்தார். வண்டி பெயரை நான் சொல்லி முடிக்கும் முன்பே, "பெட்ரோலா டீசலா? எஞ்சின் வந்ததா, மாத்தினதா? கிண்ணமா, திருகறதா? பழசு கையில இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டார். செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போயிருந்த பழைய எலிமெண்ட்டை நீட்டினேன். எண்ணெய் பிசுக்கோடு கையில் வாங்கி, காலிபரால் உயரம், வெளி விட்டம், நடு ஓட்டை மூன்றையும் பார்த்து, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, ஏணி போட்டு மேல் தட்டில் ஏறி எடுத்து வந்தார். ஒரே அளவு. விலை இருநூறு ரூபாய்கூட இல்லை. இதற்கா மூன்று வாரம் என்று அங்கேயே சிரித்துவிட்டேன்.

ஆனால் கதை முடியவில்லை. அந்த டப்பாவுக்குள் எலிமெண்ட்டோடு இரண்டு ரப்பர் வளையம் இருந்தது. ஒன்று சற்றே தடிமன், ஒன்று சற்றே ஒல்லி. எது எந்த எஞ்சினுக்கு என்று ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு தம்பி தடிமனானதை எடுத்துப் போட்டு மாட்டினார். புது ஆயில் கிட்டத்தட்ட நாலு லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்து, குனிந்து பார்த்து, "சொட்டு இல்ல சார், கிளம்புங்க" என்றார். கிளம்பினேன். முதலியார்பேட்டை, அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டும்வரை ராஜா மாதிரி வந்தது. கிருமாம்பாக்கம் தாண்டியதும் பைக்கில் வந்த ஒருவர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டாத குறையாக, "ஐயா, வண்டிக்கு அடியில ஊத்துது" என்று கத்தினார். கன்னியக்கோயிலில் ஓரம்கட்டி இறங்கித் திரும்பிப் பார்த்தால் தார் ரோட்டில் கறுப்புக் கோடு. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்தால் நுனியில்கூட ஆயில் ஒட்டவில்லை. கன்னியக்கோயில் புதுச்சேரி எல்லையில் மதுக்கடைகளுக்குப் பேர்போன ஊர், கடலூர்க்காரன் அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நின்றால் ஊர் ஒரு மாதிரிதான் பார்க்கும், அன்று எனக்கு அந்தக் கவலைகூட வரவில்லை.

போன் செய்ததும் அந்தத் தம்பியே ஆயில் கேனோடு ஸ்கூட்டரில் வந்தார், அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும். கிண்ணத்தை இறக்கினோம். மேலே எஞ்சினில் வட்டமாக ஒரு பள்ளம் ஓடும், வளையம் அதில்தான் உட்கார வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் பள்ளமே ஆழமில்லாமல் இருந்தது. சந்தேகப்பட்டு, எதிரில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவரிடம் கோணி ஊசியை வாங்கிக் குத்தி நெம்பினார். முதலில் பொடிப் பொடியாக வந்தது, அப்புறம் ஒரு முனை பெயர்ந்து, உரித்த பனை நார் மாதிரி முழு வட்டமும் கழன்று வந்தது. பழைய வளையம்! எத்தனை வருடமாக உள்ளே இருந்து வெந்ததோ, இரும்போடு இரும்பாக இறுகிப் போயிருந்தது. அது வெளியே வரும்வரை அது ரப்பர் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. அதன் மேலேயே புது வளையத்தை வைத்து முடுக்கியதால்தான் சூடேறி அழுத்தம் வந்ததும் பிதுங்கிவிட்டது. இந்த முறை ஒல்லி வளையத்தைப் போட்டு, விரலால் ஆயில் தடவி, பள்ளத்தில் சுற்றிலும் அமுக்கி உட்கார வைத்தோம். அன்றிலிருந்து ஒரு சொட்டு இல்லை.

கிண்ண வகை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கிண்ணத்தின் அடியில் ஒரு ஸ்பிரிங், அதன்மேல் வாஷர்கள், ஒரு தட்டு என்று வரிசையாக இருக்கும். கழுவும்போது மண்ணெண்ணெய் தட்டில் விழுந்து அந்தச் சின்ன வாஷர் தொலைந்துபோவது சகஜம். அது இல்லாமல் மாட்டினாலும் வண்டி ஓடும், வெளியே ஒழுகவும் ஒழுகாது. ஆனால் ஆயில் எலிமெண்ட்டுக்குள் போகாமல் நடு இடைவெளி வழியாகக் குறுக்கே போய்விடும். புது ஃபில்டர் போட்டோம் என்ற நிம்மதியோடு அழுக்கு ஆயிலில் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருப்போம்.

சரி, திருகு வகைக்கு இந்தத் தொல்லை இல்லை என்று யாராவது நினைத்தால், அதில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மரை. முக்கால் அங்குல மரை ஒரு வகை, 20 மில்லிமீட்டர் மரை இன்னொரு வகை, இரண்டுமே புழக்கத்தில் உண்டு. முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லி, அங்குலத்துக்கு 16 மரை. மற்றதில் மரைக்கு மரை ஒன்றரை மில்லி. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். எஞ்சினில் இருக்கும் முக்கால் அங்குலத் தண்டில் 20 மில்லி ஃபில்டரைத் திருகினால் அது ஏறும், கடைசியில் இறுகுவது போலக் கையைக்கூட ஏமாற்றும், ஆனால் மரையின் நுனிதான் பிடித்துக்கொண்டிருக்கும். ஆயில் அழுத்தம் ஏறும்போது ஒரு நாள் பிய்த்துக்கொண்டு விழும். திருகும்போது லொடலொடவென்று ஆடினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உள்ளே இருக்கிற வால்வு விஷயம் தனி. எஞ்சின் நின்ற பிறகு ஆயில் கீழே இறங்காமல் பிடித்து வைக்கும் ரப்பர் நாக்கு சில ஃபில்டரில் இருக்கும், சிலதில் இருக்காது, வெளியிலிருந்து டப்பாவைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இனி நான் கேட்பது. ஃபில்டர் தயாரிக்கிறவர்கள் டப்பாவில் வண்டிப் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடட்டும். அதற்குக் கீழே எந்த எஞ்சின், எலிமெண்ட் என்றால் உயரம், வெளி விட்டம், ஓட்டை விட்டம், திருகு வகை என்றால் மரை அளவு, வளையத்தின் விட்டம், இவற்றையும் இரண்டு வரியில் போட வேண்டும். இது புதிய கோரிக்கையும் இல்லை. அளவு முக்கியமான பொருளாக இருந்தால் அந்த அளவையும் பொட்டலத்தின் மேல் குறிப்பிட வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகளிலேயே இருக்கிறது. வேட்டி, துண்டு, போர்வையில் எல்லாம் நீள அகலம் போட்டுத்தானே விற்கிறார்கள்? ஃபில்டருக்கு அளவு முக்கியமில்லை என்றால் வேறு எதற்கு முக்கியம்? தமிழ்நாட்டில் இதைப் பார்க்க வேண்டியது தொழிலாளர் துறை ஆய்வாளர்கள். எம்.ஆர்.பி. இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் இதையும் ஒரு முறை திருப்பிப் பார்க்கட்டும்.

"இந்த வண்டியை இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்" என்பவர்களுக்கு: பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் இருந்து கட்டணத்தை 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள், அதையும் கட்டித்தான் ஓட்டினேன். ஓட்டத் தகுதி உண்டு என்று முத்திரை குத்திக் கொடுத்த வண்டிக்குச் சரியான ஃபில்டர் கேட்பதில் என்ன ஆடம்பரம்?

போன வாரம் நெல்லித்தோப்புப் பெரியவரிடம் கையிருப்புக்கு இன்னும் இரண்டு எலிமெண்ட் வாங்கி வந்தேன். டப்பாவில் இப்போதும் அம்பாசடர் என்று மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து மூன்று அளவையும், கீழே "ஒல்லி வளையம்" என்றும் பால்பாயிண்ட் பேனாவால் நானே எழுதி டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய அம்பாசடர்க்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.