ரோஸுக்குப் பக்கத்தில் ஒரு குருவி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உலகக் கொசு நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஆங்கிலேய ராணுவ மருத்துவர் ரொனால்ட் ரோஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார் என்பதுவரை சரி. கொசுக்கடியில் மலேரியா பரவுவதும் அன்றே உறுதியாகிவிட்டது என்று அடுத்த வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கேதான் ஒரு குருவி விடுபட்டுப் போனது.

கொசுவின் வயிற்றிலிருந்து ஒட்டுண்ணி அடுத்த உடம்புக்கு எப்படிப் போகிறது என்பது அன்று ரோஸுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு கல்கத்தா போனார். அங்கே பிளேக் பீதி. சோதனைக்கு ரத்தம் எடுக்க விரலில் ஊசி குத்த வந்தாலே தடுப்பூசிதான் போடப்போகிறார்கள் என்று ஜனங்கள் மிரண்டார்கள். சரி, பறவைகளைப் பார்ப்போம் என்று திரும்பினார். மலேரியா கண்ட குருவிகளைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்து, பிறகு அந்தக் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். 1898 ஜூலையில் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஒட்டுண்ணி குவிந்து கிடப்பது தெரிந்தது. அப்படிப்பட்ட கொசுக்களை நோயில்லாத குருவிகளிடம் விட்டார். அவற்றுக்கும் வந்தது. கடிதான் வழி என்பது அப்போதுதான் நிரூபணமானது. மனிதரிடம் இதை இத்தாலியர்கள் காட்டியது அந்த ஆண்டின் கடைசியில்.

அந்தக் கொசுவும் மனித மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் அல்ல, கியூலெக்ஸ். நம் சாக்கடைக் கொசு. யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். அந்த நோய்ப் பிரிவில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடு வீடாகப் போய் விரல் குத்தி ரத்தம் எடுத்தவன் நான். அதனிடம் பட்ட கடிக்குக் கணக்கில்லை.

ஒருமுறை கால்நடை மருத்துவ நண்பர் ஒருவர், மயங்கி விழுந்த காக்கையின் இறக்கையில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் இழுத்துக்கொண்டு வந்தார். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மனித ரத்தமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. நம் சிவப்பணு வட்டமாக இருக்கும், உள்ளே கரு கிடையாது. பறவையின் சிவப்பணுவோ வெள்ளரி விதை மாதிரி நீள்வட்டம், நடுவில் கரு. சில அணுக்களில் அந்தக் கருவை ஒரு பக்கமாக அணைத்தபடி பிறைபோல் ஒன்று வளைந்திருந்தது. மேலே கறுப்பும் பழுப்புமாகப் பொடிப்பொடிப் புள்ளிகள். மலேரியா ஒட்டுண்ணியின் பங்காளியான ஹீமோபுரோட்டியஸ் என்ற ஒட்டுண்ணி அது என்று அப்புறம் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். காக்கை அதனால்தான் விழுந்ததா என்றால், சொல்வதற்கில்லை. இந்த ஒட்டுண்ணிகளோடு காலங்காலமாக வாழ்ந்த பறவைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடும். (குருவி மலேரியா மனிதருக்கு வராது. இதைப் படித்துவிட்டு யாரும் கூட்டைக் கலைக்க வேண்டாம்.)

பழக்கமே இல்லாத பறவைகளிடம் போனால் கதை வேறு. ஹவாய்த் தீவுகளில் 1826 வரை கொசுவே கிடையாது. கப்பல் தண்ணீரோடு வந்து இறங்கியது இதே கியூலெக்ஸ்தான். பின்னால் வெளியிலிருந்து கொண்டுவந்த பறவைகளோடு மலேரியாவும் சேர்ந்துகொண்டது. தேன் குடிக்கும் அந்த ஊர்ப் பாட்டுப் பறவைகளில் 50 இனங்களுக்கு மேல் இருந்தன, இன்று 17தான். வளைந்த அலகுள்ள சிவப்புப் பறவை 'இஇவி'க்கு நோய்க்கொசுவின் ஒரு கடி போதும், பத்தில் ஒன்பது செத்துப்போகும். ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொசுவுக்குள் ஒட்டுண்ணி வளராது என்பதால், மிஞ்சிய பறவைகள் குளிர்ந்த மலையுச்சிகளில் ஒண்டியிருக்கின்றன. பூமி சூடாகச் சூடாகக் கொசுவும் பின்னாலேயே மேலே ஏறுகிறது. இப்போது மவுயி தீவில் வால்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய்க் காட்டுக்குள் விடுகிறார்கள். அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரியாது. ஆண் கொசு கடிக்காது என்பதால் அதில் பயமில்லை.

உங்கள் கட்டுரையில் ரோஸின் மீசைப் படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. அடுத்த ஆகஸ்டில் அதைக் கொஞ்சம் சுருக்கி, பக்கத்தில் ஒரு சிட்டுக்குருவிக்கும் இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பனர்,
கும்பகோணம்