இரும்புக் கூடும் பித்தளைக் கூடும்

எவான்ஸ்வில், இந்தியானா
ஞாயிறு மாலை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கோமதி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று சித்தி சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. டாக்டர் சொல்லும்வரை கிரைண்டர் பக்கம் போகாதீர்கள்.

போன வாரம் பேசும்போது, பக்கத்து வீட்டுப் பெரியவர் சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வந்து மறுபடி நிரப்புகிறார் என்று சொன்னேன். நீங்கள் உடனே, “பித்தளை சரிம்மா, இரும்புக் கூடும் கிடக்குதுன்னியே, அதை என்ன பண்றாங்க?” என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற சங்கதியும் இல்லை அது.

முதலில், இதில் சட்டச் சிக்கல் வருமோ என்ற சித்தியின் பயத்துக்குப் பதில். நான் H1B என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தவரை இதன் பக்கமே போகவில்லை. அந்த விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இங்கே மத்தியச் சட்டப்படி குற்றம்; வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வந்த பிறகுதான் பெரியவருடைய கராஜுக்குள் கால் வைத்தேன். சொந்தமாகச் சுடுவதற்குத் தோட்டா நிரப்ப இங்கே லைசென்ஸ் தேவையில்லை. விற்பதென்றால்தான் மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். நான் சுடப் போவதில்லை சித்தி. அந்த மேஜையில் இருக்கிற பிரஸ், டை, வெர்னியர் எல்லாம் நம் பட்டறையை ஞாபகப்படுத்துகின்றன, அதுதான் என்னை அங்கே இழுக்கிறது.

சித்தப்பா, ஒரு தோட்டாவில் நான்கு சாமான். கூடு, அடியில் தட்டினால் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. சுட்டதும் மருந்தும் குண்டும் போய்விடும்; வெடித்துத் தீர்ந்த பிரைமர் அடியில் ஒட்டியிருக்க, கூடு மட்டும் தங்கும். கூட்டுப் பித்தளை எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். வெடிக்கும் நொடியில் அது விரிந்து குழல் சுவரோடு ஒட்டிக்கொண்டு புகையைப் பின்னால் விடாமல் அடைக்கிறது; அழுத்தம் இறங்கியதும் சுருங்கி வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. டை என்கிற அச்சில் கொடுத்து அழுத்தினால் பழைய அளவுக்கு வந்துவிடும். கைத்துப்பாக்கிக் கூடு பத்துப் பதினைந்து முறைகூடத் தாங்கும் என்கிறார்.

இரும்புக்கு அந்தக் குணம் இல்லை. விரிந்தால் அவ்வளவு சுலபமாகத் திரும்பாது. சுவரோடு சரியாக ஒட்டாததால் புகை பின்னால் கசிந்து கூட்டின் பக்கமெல்லாம் கரி பிடிக்கும். துரு வராமலிருக்க மேலே லாக்கர் என்ற வார்னிஷோ பாலிமரோ துத்தநாகமோ பூசியிருப்பார்கள். டைக்குள் ஒருமுறை போய் வந்தாலே பூச்சு உரிய ஆரம்பிக்கும். பிறகு ஈரக் காற்று பட்டால் போதும். இங்கே ஒஹையோ ஆறு ஊரை ஒட்டியே ஓடுகிறது, ஈரத்துக்குக் குறைவில்லை.

நான் அவர் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் வீசக் கூடாது என்று நீங்கள் வளர்த்த பிள்ளை நான். அவர் ஒதுக்கி வைத்திருந்த இரும்புக் கூடுகளில் அரை வாளி கேட்டு வாங்கி, ஒரு சனிக்கிழமை பழைய பிரைமரைத் தள்ளி எடுக்க உட்கார்ந்தேன். நான்காவது கூட்டில், பிரைமரைத் தள்ளுகிற ஊசி வளைந்தது. வேறு ஊசி போட்டேன், அது முறிந்தே போனது. கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நடுவில் ஓட்டையே இல்லை! பக்கவாட்டில் சின்னதாக இரண்டு ஓட்டை, நடுவில் ஒரு மேடு. என் ஊசி அந்த மேட்டில் போய் முட்டியிருக்கிறது.

பிரைமர் வைப்பதில் இரண்டு முறை உண்டாம், இரண்டும் 1860-களில் வந்தவை. பெர்டன் என்ற அமெரிக்கர் கண்ட முறையில் பிரைமர் மோதுகிற பட்டடை கூட்டோடு சேர்ந்தே இருக்கும். பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் கண்ட முறையில் பட்டடை பிரைமருக்குள் இருக்கும், கூட்டின் நடுவில் ஒரே ஓட்டை. ஊசியை நேராக விட்டுத் தள்ளிவிடலாம். அமெரிக்கர் முறை ஐரோப்பாவுக்குப் போய் நிலைத்தது, ஆங்கிலேயர் முறை அமெரிக்காவில் நிலைத்தது. ரஷ்யாவிலிருந்து மலிவாக வந்து குவிந்த இரும்புத் தோட்டாக்களில் பெரும்பாலானவை பெர்டன். அவற்றுக்குப் பொருந்தும் பிரைமரை இங்கே கடையில் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. வாளியில் பாதிக்கு மேல் அங்கேயே கழிந்தது.

மீதியில் பாக்ஸர் கூடுகளைப் பிரித்து எடுத்து டையில் கொடுத்தேன். முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம், முடிகிறது. ஆனால் பித்தளைக்கு இரண்டு விரல் பலம் போதுமான இடத்தில் இரும்புக்குத் தோளைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் செய்த டை என்றால் தாங்கும். சாதா டையில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கீறல் விழுந்து, பிறகு வருகிற கூடுகளிலெல்லாம் அந்தக் கோடு ஏறும். ஒரு டை கெட்டால் எத்தனை கூட்டின் லாபம் போகும் என்று நீங்களே கணக்குப் போடுவீர்கள்.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. தோட்டாவைப் புதிதாகச் செய்யும்போது விலை ஏற்றுவது பித்தளைக் கூடு. ஆனால் ரீலோடிங், அதாவது மறுபடி நிரப்பும் வேலை செய்கிறவருக்கு அந்தக் கூடு சுடும் பயிற்சி நடக்கிற ரேஞ்சில் தரையில் சும்மா கிடக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டியது மற்ற மூன்றும்தான். 2020 தட்டுப்பாட்டுக்கு முன் ஆயிரம் பிரைமர் 30, 35 டாலருக்குக் கிடைத்ததாம். பிறகு 80, 100 வரை போனது. இரும்புக் கூட்டில் போட்டாலும் அதே பிரைமர், அதே மருந்து, அதே குண்டு. மிச்சமாவது எதுவும் இல்லை, கை வலிதான் கூடுதல். கடைசியில் பழைய சாமான் கடைக்குப் போட்டாலும் பித்தளைக்கு டாலரில் விலை, இரும்புக்குச் சென்ட்டில்.

அப்படியானால் யாருமே இரும்பைத் திருப்பி நிரப்பியதில்லையா என்று பெரியவரிடம் கேட்டேன். உள்ளே போய் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து வந்தார். அதில் பழைய .45 கைத்துப்பாக்கிக் கூடுகள், அடியில் EC என்று முத்திரை. E என்றால் எவான்ஸ்வில், C என்றால் கிரைஸ்லர் கார் கம்பெனி. நான் தினமும் வேலைக்குப் போகிற இந்த ஊரில்தான் செய்திருக்கிறார்கள்! பிளைமவுத் கார் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையை 1942-இல் தோட்டா செய்ய மாற்றினார்கள். போருக்குச் செம்பு போதவில்லை, அதனால் கூட்டை இரும்புத் தகட்டில் இழுத்து உருவாக்கக் கற்றுக்கொண்டார்கள். கோடிக்கணக்கில் செய்தார்கள். அவருடைய அம்மா பத்தொன்பது வயதில் அங்கே கூடுகளைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாராம். இரும்புத் தகட்டை அந்த ஆழத்துக்கு விரிசல் விடாமல் இழுப்பது எத்தனை கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நான் அந்தக் கூட்டை வெகுநேரம் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன்.

வாலிப வயதில், கையில் காசில்லாத நாட்களில், அந்த EC கூடுகளை அவர் நிரப்பிச் சுட்டிருக்கிறார். அவை பாக்ஸர் வகை. ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை. வாயோரத்தில் கீறலோ அடியில் துருப் புள்ளியோ தெரிந்தால் தொடவே மாட்டாராம். பித்தளை கிடைக்காத காலத்துக்கு அது சரி, கிடைக்கிற காலத்தில் வேண்டாம் என்றார். நானும் அதையே சொல்கிறேன். 2021 செப்டம்பரிலிருந்து ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி கொடுப்பதை அமெரிக்க அரசு நிறுத்திவிட்டது. ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு விஷம் வைத்த விவகாரத்தில் வந்த தடை. அதனால் தரையில் கிடக்கிற இரும்பே குறைந்து வருகிறது என்கிறார்.

இப்போது ரேஞ்சிலிருந்து வந்ததும் நான் செய்து கொடுக்கிற வேலை ஒன்றுதான். கூடுகளைத் தட்டில் பரப்பி மேலே காந்தத்தை ஓட்டுகிறேன். ஒட்டுவது ஒரு வாளிக்கு, ஒட்டாதது மேஜைக்கு. பள்ளி விட்டு வந்து உங்கள் லேத்துக்குக் கீழே பித்தளைத் துருவலையும் இரும்புத் துருவலையும் பிரித்த அதே வேலை. அன்று அதற்கு நாலணா கொடுப்பீர்கள். இவர் காப்பி கொடுக்கிறார்.

உங்களுக்கு ஒரு EC கூடு அனுப்ப எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் வெறும் கூடு என்றாலும் விமான நிலையத்தில் பிடித்து வைத்துக் கேள்வி கேட்பார்கள், வம்பு. அதற்குப் பதிலாக, தை மாதம் வருகிற மாப்பிள்ளையிடம் ஒரு காசு கொடுத்து அனுப்புகிறேன். 1943-ஆம் வருஷத்து ஒரு சென்ட். அந்த ஒரு வருஷம் செம்பை மிச்சம் பிடிக்க இரும்பில் துத்தநாகம் பூசி அடித்தார்கள். சாம்பல் நிறமாக இருக்கும். உங்கள் மேஜை டிராயரில் இருக்கிற அந்தக் குதிரைலாடக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஓரத்தில் பூச்சு எங்கே போயிருக்கிறது, துரு எங்கே ஏறியிருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள். கண் முழுசாக ஆறிய பிறகு பார்த்தால் போதும்.

சித்திக்கும் தம்பிக்கும் என் அன்பு.

உங்கள் பெண்,
கோமதி