மௌனப் படமும் மேடை இசையும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை காலை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை ஒரு பழைய திரையரங்குக்கு அழைத்துப் போகிறோம். சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ படம். 1921-இல் வெளிவந்தது, வசனம் கிடையாது. திரைக்குக் கீழே மூன்று இசைக்கலைஞர்கள் உட்கார்ந்து, படம் ஓட ஓட வாசிப்பார்கள்.

முதலிலேயே ஒரு வேண்டுகோள். இந்தப் படம் கைப்பேசியில் எளிதாகக் கிடைக்கும். தயவுசெய்து முன்கூட்டிப் போட்டுக் காட்டிவிடாதீர்கள். பிள்ளைகள் அதை முதன்முதலாக அந்த அரங்கில், நூற்றுக்கணக்கான பேரோடு உட்கார்ந்து, எதிரே வாசிக்கும் இசையோடு பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

பாடநேரத்தில் படம் எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இன்றைக்குப் பிள்ளைகள் பார்க்கும் எல்லாவற்றிலும் யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் வகுப்பறைக்கும் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்களுக்கு மட்டும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். அநாதை விடுதிக்காரர்கள் வந்து பையனைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அவன் இரண்டு கைகளையும் நீட்டிக் கெஞ்சி அழுவான். அவனை வளர்த்த சாப்ளின் வீட்டுக் கூரைகள் மேல் ஏறி, வண்டியைத் துரத்திக்கொண்டு ஓடுவார். பையனாக நடித்த ஜாக்கி கூகனுக்கு அப்போது ஐந்து வயது போல இருக்கும். இந்த இடத்தில் வாசிப்பவர் என்ன செய்வார்? ஓட்டத்தின் வேகத்தைப் பிடிக்கலாம். அழுகையைப் பிடிக்கலாம். சட்டென்று கையை எடுத்துவிடவும் செய்யலாம். அப்போது அரங்கே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வாசிப்பது மாறினால் அதே காட்சி வேறாகிவிடும். எந்த இசைப் பாடத்திலும் இதை இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது.

அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் இப்படித்தான் படம் காட்டினார்கள். சின்ன அரங்கில் ஒரு பியானோ, பெரிய அரங்கில் ஆர்கனோ முழு இசைக்குழுவோ இருக்கும். எந்தக் காட்சிக்கு எந்த மாதிரி இசை என்ற குறிப்புத்தாள் சில படங்களோடு வரும். மற்றபடி வாசிப்பவரின் கண்ணும் கையும்தான். 1927-க்கு அப்புறம் பேசும்படம் பரவியபோது இந்தக் கலைஞர்களில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது.

அரங்கையும் பிள்ளைகள் சுற்றிப் பார்ப்பார்கள். மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் பள்ளம் அப்படியே இருக்கிறது. மைக் இல்லாமலே வயலின் கடைசி வரிசை வரை கேட்கும். படம் ஓட்டும் அறையின் சின்ன ஜன்னலில் இரும்புக் கதவு ஏன் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைய படச்சுருள் நைட்ரேட் ஃபிலிம் என்ற எளிதில் தீப்பிடிக்கும் வகை. அது பற்றிக்கொண்டால் அணைப்பது மிகக் கடினம். தீ பார்வையாளர் பக்கம் வராமலிருக்கத்தான் அந்தக் கதவு. மக்கிப்போனது, எரிந்துபோனது, தூக்கி எறிந்தது என்று அமெரிக்காவின் முழுநீள மௌனப் படங்களில் சுமார் 70 விழுக்காடு இன்று இல்லை என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் 2013 ஆய்வு சொல்கிறது. மிஞ்சியதில் ஒன்றைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

எட்டாம் வகுப்பில் அடுத்த வாரம் கூகனின் கதையைப் பேசுவோம். சிறுவயதில் அவர் சம்பாதித்த பெரும்பணத்தைத் தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டார்கள். 1938-இல் அவர் வழக்குப் போட்டார். மறுவருடமே, குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வகைசெய்யும் சட்டம் கலிஃபோர்னியாவில் வந்தது. வீட்டிலும் இதைப் பற்றிப் பேசுங்கள்.

தாய் குழந்தையை விட்டுச் செல்வதில்தான் படம் தொடங்குகிறது. பெற்றோரைப் பிரிந்து வாழும் பிள்ளைகளுக்கு அது கனமாக இருக்கலாம். அப்படியென்றால் வகுப்பாசிரியரிடம் தனியே சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் ஓர் ஆசிரியர் உட்காருவார். செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு, கலைஞர்களின் கைகள் தெரியும்படி முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம். திரையில் வரும் ஆங்கில எழுத்துகளை ஓர் ஆசிரியர் தமிழில் படித்துச் சொல்வார்.

படம் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். மதிய உணவுக்குள் திரும்பிவிடுவோம். கைப்பேசி யாருக்கும் அனுமதி இல்லை, ஆசிரியர்களுக்கும்தான். உடன்வர விரும்பும் பெற்றோர் சம்மதப் படிவத்திலேயே குறிப்பிட்டு, கையெழுத்திட்டு, புதன்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்