அன்னக்கூடையை இறக்கி வைத்த அம்மாவுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வெள்ளிக்கிழமை ராத்திரி மழையில் என்ன ஆயிற்று என்று மறுபடி எழுத வேண்டியதில்லை. நீங்களும் என்னோடு சேர்ந்துதான் நனைந்தீர்கள். நம் மாநாட்டின் மற்ற நாட்கள் எப்படியோ போகட்டும், உயிர்களில் எத்தனை வகை என்று பிள்ளைகளுக்குக் காட்டும் பல்லுயிர் நாள் மட்டும் நடக்காது என்று சனிக்கிழமை விடிகாலையில் நானே முடிவு கட்டிவிட்டேன். நடந்தது. இன்னும் கை நடுக்கம் நிற்காமல்தான் எழுதுகிறேன்.

கேட்டதும் சமுதாயக் கூடத்தின் சாவியைக் கொடுத்தவர்கள், கிள்ளையிலிருந்து சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் காய்களைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த பையன்கள், பேப்பர் கப் வேண்டாம் என்றதற்கு முணுமுணுக்காமல் கண்ணாடி கிளாஸ்களைக் கழுவிக் கழுவிக் கொடுத்த டீக்கடை அண்ணன், மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி காய்ச்சிய அக்காமார்கள், எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் நேரில் திட்டிக்கொள்ளுங்கள்.

மிச்ச இடம் மீன்கார அம்மாவுக்கு.

அவர் வந்தது மழைக்கு ஒதுங்க. தேவனாம்பட்டினத்தில் மீன் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போகிற வழி. உள்ளே கரண்ட் இல்லை, திரை இல்லை, பேச வேண்டியவர் வந்து சேரவில்லை. அறுபது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறார்கள். "பசங்க சும்மாதான குந்தினு இருக்குது?" என்று கேட்டவர், என் பதிலுக்குக் காத்திராமல் அன்னக்கூடையை மேசைமேல் இறக்கிவிட்டார்.

காரப்பொடி, நெத்திலி, கவலை, சங்கரா, கிழங்கான், வாளை, பண்ணா. ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டினார். எது சேற்றுத்தரையில் மேயும், எது கூட்டமாய் மேலே வரும், எதற்கு எந்த வலை. பண்ணா தண்ணீருக்குள் கத்தும் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். உடனே அதன் தலையைப் பிளந்து, விரலால் துழாவி, வெள்ளையாய் இரண்டு கற்களை எடுத்து ஒரு சிறுமியின் உள்ளங்கையில் வைத்தார். மீனின் காதுக்குள் இருக்கும் கல் அது. அதில் ஓடும் வளையங்களை எண்ணித்தான் ஆராய்ச்சியாளர்கள் மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். அன்றைக்கு நான் சேர்த்துச் சொன்ன ஒரே விஷயம் இதுதான்.

சினை மீனைக் காட்டி, ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் ஏன் கரையில் நிற்கின்றன என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "அப்ப உட்ட முட்டதான் இப்ப என் கூடையில கெடக்குது" என்றார். சாயம் வழிந்துபோன எங்கள் ஆமைப் படத்தைப் பார்த்து, "இது பங்குனி ஆமையில்ல? தலைய ஏன் இப்படி வரைஞ்சி வச்சிருக்கீங்க" என்று ஒரு போடு போட்டார். அழைப்பிதழில் பல்லுயிர் என்ற சொல்லை நாலு இடத்தில் போட்டவன் நான். நாற்பது வருஷமாய் மீன் தின்கிறேன், கூடையில் கிடந்ததில் மூன்றுக்குத்தான் பெயர் தெரிந்தது.

ஒன்றரை மணி நேரம். வியாபாரத்துக்கான நேரமே அதுதான். ஐஸ் கரைந்து தண்ணீர் மேசையிலிருந்து சொட்டியது. அப்புறம் பாதி விலைக்குத்தான் போயிருக்கும். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. தலையைப் பிளந்த அந்த ஒரு பண்ணாவுக்கு மட்டும் காசு எடுத்துக்கொண்டார். "அத இனிமே யாரு வாங்குவா தம்பி?"

அடுத்த முறை மே 22, உலகப் பல்லுயிர் நாளிலேயே வைக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது அந்த 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குள் வரும், கூடை இந்த அளவு நிறையாது. எனக்கு அதில் சம்மதமில்லை. எப்போது வைத்தாலும் முதல் பேச்சு அந்த அம்மாவுடையது, ஒரு நாள் வியாபாரக் காசு முன்கூட்டியே அவர் கையில் இருக்கும். இதை எல்லோர் முன்னாலும் எழுதி வைக்கிறேன்.

அம்மா, உங்கள் சும்மாட்டுத் துணியை மேசையிலேயே விட்டுப் போய்விட்டீர்கள். துவைத்துக் காயவைத்திருக்கிறேன். வாசனை முழுசாய்ப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வருகிறேன், எனக்குக் கால் கிலோ காரப்பொடி எடுத்து வையுங்கள்.