கப்பலைக் காட்டினீர்கள், அதில் வேலை பார்க்கிறவர்களையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலைப் பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லாருமே படித்தோம். ஏழு நீச்சல் குளம், தண்ணீர்ச் சறுக்கு, பக்கம் நிறையப் படங்கள், எல்லாம் அருமை. ஆனால் அதில் மனிதர்கள் என்று வந்தவர்கள் பயணிகள் மட்டும்தான். அந்தக் கப்பலில் சுமார் 2,350 பேர் வேலை பார்க்கிறார்கள், அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. என் தம்பி வேறொரு சொகுசுக் கப்பலில் ஹவுஸ்கீப்பிங்கில் இருக்கிறான். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு திருத்தம் முதலில். கப்பலின் 'எடை' 2,48,663 டன் என்று போட்டிருந்தீர்கள். அது எடை இல்லை அய்யா. கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் மொத்த இடத்தை அளக்கிற கணக்கு அது. அந்தக் கணக்கில் டைட்டானிக் 46,000 சொச்சம்தான், அப்படியென்றால் இது அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல்.

இவ்வளவு பெரிதாக ஏன் கட்டுகிறார்கள் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. 1950களின் கடைசியில் ஜெட் விமானம் அட்லாண்டிக்கைத் தாண்ட ஆரம்பித்ததும் கப்பலில் போகிற கூட்டம் குறைந்துவிட்டது, ஊர் போய்ச் சேர யாருக்கும் கப்பல் தேவைப்படவில்லை, அப்புறம்தான் கப்பலில் இருப்பதையே சுற்றுலாவாக விற்கத் தொடங்கினார்கள். ஐகானை ஓட்டுகிற ராயல் கரீபியன் 1968இல் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய முதல் கப்பல் 'சாங் ஆஃப் நார்வே' 1970இல் ஓட ஆரம்பித்தது, அது அதே இடக் கணக்கில் சுமார் 18,000தான். இடம் போதாமல் 1978இல் அந்தக் கப்பலை நடுவில் இரண்டாக அறுத்து, 85 அடி நீளத்துக்குப் புதுத் துண்டு ஒன்றைச் செருகி, மறுபடி இணைத்துக் கடலில் விட்டார்கள்! அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. 1988இல் 73,000, 1999இல் 1,37,000, 2009இல் 'ஓயாசிஸ்' வந்தபோது 2,25,000 என்று ஏறிக்கொண்டே போனது. கப்பல் பெரிதானால் ஒரு ஆளுக்கு ஆகிற செலவு குறையும், உள்ளேயே செலவழிக்கவும் ஆள் கூடும். கணக்கு அவ்வளவுதான்.

ஐகானைக் கட்டியது பின்லாந்தில் துர்க்கு என்ற ஊரில். 2024 ஜனவரி 27 அன்று அமெரிக்காவின் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பியது. நீளம் 365 மீட்டர், இருபது அடுக்கு. எஞ்சின்கள் திரவ இயற்கை எரிவாயுவில் ஓடி மின்சாரம் தருகின்றன, கப்பலைத் தள்ளுவது பின்பக்கம் அடியில் தொங்கும் மூன்று மின் மோட்டார்கள். அவை முழுவட்டமாகத் திரும்பும் என்பதால் தனியாகச் சுக்கான் கிடையாது. குடிக்கிற, குளிக்கிற தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்தம் செய்து எடுப்பது. பயணிகள் நிறைந்தால் 7,600 பேர், வேலைக்காரர்களையும் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தொடும், நம்ம பக்கத்துச் சின்னப் பேரூராட்சி ஒன்றே கடலில் மிதக்கிற மாதிரி.

சரி, அந்தப் பத்தாயிரம் பேருக்கும் யார் துவைப்பது, யார் சமைப்பது? இந்தமாதிரிக் கப்பல்களில் பயணிகள் கண்ணில் படாத கீழ்த்தளத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு நீண்ட நடைபாதை இருக்கும். அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரை வைத்து அதை 'ஐ-95' என்பார்கள். காய்கறி, அழுக்குத் துணி, குப்பை எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். தம்பியின் அறை அதற்கும் கீழே. மேலும் கீழுமாக இரண்டு கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, ஜன்னல் கிடையாது. "லைட்ட அணைச்சா பகலா ராத்திரியான்னே தெரியாது எக்கா" என்பான். பயணம் முடிகிற நாளில் காலையில் ஒரு கூட்டம் இறங்கும், மத்தியானம் அடுத்த கூட்டம் ஏறும். அந்த இடைவெளிக்குள் ஒவ்வொரு அறையிலும் விரிப்பை உருவி, குளியலறையைத் தேய்த்து, கட்டிலைச் சேர்த்தோ பிரித்தோ போட்டு எல்லாம் முடிக்க வேண்டும். கடலில் இருக்கும் நாட்களில் ராத்திரி துண்டை மடித்து யானை, குரங்கு செய்து கட்டில்மேல் வைப்பதும் இவர்கள்தான். ஆறு மாதம், ஒன்பது மாதம் என்று ஒப்பந்தம். வாரவிடுமுறை என்று ஒன்று இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் 'கோஸ்டா கான்கார்டியா' என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அதன்பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி வந்தது. அந்தப் பயிற்சியில் ஜனங்களை வரிசையாக நிறுத்தி லைஃப் ஜாக்கெட் மாட்டக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் சாப்பாடு பரிமாறுகிற பையன்களும் அறை பெருக்குகிற பையன்களும்தான். தீயணைக்கவும் கடலில் உயிர் பிழைக்கவும் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கின பிறகுதான் ஒரு ரூம்பாய்கூடக் கப்பலேற முடியும்.

வ.உ.சி. 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய பகுதி இது. திசையன்விளை, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் கேட்டரிங் படித்த பையன்களுக்கு இன்றைக்கும் கப்பல் வேலை என்றால் கனவுதான். அந்தக் கனவை வைத்துத்தான் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் தாலிச்செயினைத் தவிர எல்லா நகையையும் அடகு வைத்து லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். பையன் இன்னும் வீட்டில்தான் இருக்கிறான், பணம் வரவில்லை.

அவர்கள் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்கவே வேண்டாம். வேலை வாங்கிக் கொடுப்பதற்காகக் கப்பல் வேலைக்குப் போகிறவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது, இந்தியா அதை 2015இல் ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட், சி.டி.சி. என்கிற கப்பல் வேலைக்கான அரசு அடையாளப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் இவற்றுக்கான செலவுதான் நம்முடையது. விசாச் செலவு கப்பல் கம்பெனியைச் சேர்ந்தது. ஆள் எடுக்கிற நிறுவனத்துக்குக் மத்திய அரசின் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். என்கிற ஆள்சேர்ப்பு உரிமம் இருக்க வேண்டும், அது இருக்கிறதா என்று இயக்குநரகத்தின் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். அதே உடன்படிக்கைப்படி, ஓய்வு நேரக் கணக்கில் 24 மணி நேரத்துக்குள் குறைந்தது பத்து மணி நேரம் ஓய்வு தர வேண்டும். இதெல்லாம் எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

கல்லூரிகளில் பரீட்சை முடிகிற மாதங்களில்தான் ஏஜெண்டுகள் ஊர் ஊராக வருவார்கள். அதற்கு முன்னால், அந்தக் கப்பலுக்குக் கொடுத்த அதே இரண்டு பக்கத்தை இதற்கும் கொடுங்கள். உரிமத்தை எப்படிச் சரிபார்ப்பது, ஏமாந்தால் எங்கே புகார் செய்வது, ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் ஊர் நூலகத்தில் உங்கள் பேப்பர்தான் வருகிறது.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
திசையன்விளை, திருநெல்வேலி மாவட்டம்.