சிமோன் சிஞ்ஞோரே காணாமல்போனவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரெஞ்சு நடிகைகள் பற்றி வந்த கட்டுரையில் சிமோன் சிஞ்ஞோரேவுக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: 'மர்லின் மன்றோவிடம் கணவரைப் பறிகொடுத்து, அழகும் கரைந்து, நாற்பது வயதில் காணாமல்போனவர்.' இரண்டு நாளாக இது என் மனதை அறுக்கிறது.

கணவர் இவ் மோந்தான் எங்கும் போய்விடவில்லை. 1951இல் மணந்தவர்கள் 1985இல் அந்த அம்மையார் இறக்கும்வரை தம்பதியாகவே இருந்தார்கள். பாரிஸின் பெர் லாஷேஸ் இடுகாட்டில் இருவருக்கும் ஒரே கல்லறை. 'ரூம் அட் தி டாப்' படத்துக்காக 1960இல் ஆஸ்கர் வாங்கியபோது அவருக்கு வயது 39. நீங்கள் 'காணாமல்போனவர்' என்று எழுதிய வயதுக்குப் பிறகுதான் இயக்குநர் மெல்வீலின் படத்தில் நாஜிகளை எதிர்த்து ரகசியமாக இயங்கும் மத்தில்தாக நடித்தார். 'மதாம் ரோசா'வுக்காக பிரான்ஸின் செசார் விருதைப் பெற்றபோது வயது 56. இறந்த ஆண்டில்கூட ஒரு நாவல் வெளியிட்டார். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எப்படி அச்சேறியது என்பதுதான் என் வருத்தம்.

அவருடைய தந்தை யூதர். ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் காமின்கர் என்ற அவர் பெயரோடு நடமாடுவது ஆபத்து என்று தாயின் பிறந்த வீட்டுப் பெயரான சிஞ்ஞோரேவைச் சூடிக்கொண்டார். தந்தை லண்டனுக்குப் போய்விட, தாயையும் இரண்டு தம்பிகளையும் காப்பாற்றத் துண்டு வேடங்களில் நடித்தார். இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் உங்களுக்கு எழுதக் கிடைத்தது கணவரின் சபலம் ஒன்றுதானா?

எண்பதுகளில் புதுச்சேரியில் 'மதாம் ரோசா' திரையிடலுக்கு என் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். பெருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறும் ரோசாவைப் பார்த்து, "நம்ம பெரியம்மா ஏறுற மாதிரியே இருக்குடி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு பிரெஞ்சு தெரியாது. கரைந்த அழகு அவர் கண்ணில் படவே இல்லை.

எனக்கு 48 வயதானபோது, நான் வேலை பார்த்த பள்ளியில், ஆண்டு விழா நாடகத்தில் இனி இளம் ஆசிரியைகள் மேடையேறட்டும் என்றார்கள். பதினெட்டு ஆண்டுகள் அந்த நாடகங்களை எழுதி நடித்தவள் நான். அன்று ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் வாக்கியத்தைப் படித்தபோது அந்த அறையில் மறுபடி நிற்பதுபோல் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மூத்த நடிகை ஒருவர் மறைந்தபோதும், அவர் நடித்த படங்களைவிட அவருடைய திருமணங்களுக்கே அதிக இடம் தந்தீர்கள். அப்போதும் எழுதினேன். பிரசுரமாகவில்லை.

வேறொன்றும் கேட்கவில்லை. 'சிக்னோரெட்' என்று அச்சிட்ட பெயரைச் சிஞ்ஞோரே என்று திருத்தி, 'காணாமல்போனவர்' என்றது தவறு என்று அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை,
புதுச்சேரி