பிளேடு விற்கும் அண்ணன்மார்களுக்கு, ஆரியங்காவிலிருந்து

அன்புள்ள அண்ணன்மார்களே, வணக்கம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் புனலூர் வரையிலும், அந்தப் பக்கம் தென்காசி வரையிலும் மரமில்களுக்கு பேண்ட்சா பிளேடு (இரண்டு சக்கரத்தில் வளையமாக ஓடும் ரம்பப் பட்டை) வெட்டி, பல் போட்டு, ஒட்டிக் கொடுக்கிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஆரியங்காவுப் பக்கம் ஒரு மில்லில் பிளேடு சாணை பிடிப்பது என் வேலை. நான் கேட்பது ஒன்றுதான்: பட்டை என்ன எஃகு என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்.

போன மழைக்காலத்தில் "நல்ல கடினமான எஃகு, பல் மழுங்கவே மழுங்காது" என்று சொல்லி ஒருவர் எங்களுக்கு ஒரு பிளேடு கொடுத்தார். மூன்றாம் நாள் ரப்பர் மரத் தடி அறுக்கும்போது அது அறுந்து தெறித்தது. தடியைத் தள்ளிக்கொண்டிருந்த பையனுக்கு முன்கையில் ஒன்பது தையல்.

எங்கள் சக்கரம் 36 அங்குலம். பிளேடு சுமார் 6.5 மீட்டர். சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடினால் பிளேடு 260 தடவைக்கு மேல் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சக்கரத்திலும் வளைந்து நிமிர வேண்டும். அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் 30,000 தடவைக்கு மேல் வளைகிறது. இதைத் தாங்க எஃகுக்கு முதலில் வேண்டியது வளைந்து கொடுக்கும் உறுதி. கடினத்தை ஏற்ற ஏற்ற அந்த உறுதி குறையும், பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பல்லடிக் குழியில் விரிசல் விடும். அகலப் பட்டைக்கு, கடினத்தைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 45-ஐ ஒட்டி இருந்தால் போதும். அதில்தான் பல்லை இடமும் வலமுமாக நெளித்து செட்டிங் வைக்கவும் முடியும்.

0.75 சதவீதம் கார்பன் உள்ள சி75 பட்டை சாதாரண வேலைக்குச் சரி. நாள் முழுக்கத் தடி அறுக்கும் மில்லுக்கு, அதே கார்பனோடு 2 சதவீதம் நிக்கல் சேர்ந்த 75என்ஐ8 கொடுங்கள். நிக்கல்தான் விரிசலைத் தாமதப்படுத்துகிறது. விலை கூடும், தெரியும். ஆனால் எதற்குக் கூடுதல் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்தால் முதலாளிமார் கொடுப்பார்கள். தேக்கில் உள்ள சிலிக்காவும், தென்னையின் வெளிவைரமும் பல்லைத் தின்னும் என்பது உண்மைதான். அதற்குப் பல் நுனியில் மட்டும் ஸ்டெல்லைட் என்ற கடினமான கோபால்ட் கலவை வைத்துக் கொடுங்கள், முழுப் பட்டையையும் கடினமாக்க வேண்டாம்.

தடிமனையும் பில்லில் எழுதுங்கள். சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. எங்கள் சக்கரத்துக்கு 0.9 மில்லிமீட்டர். அன்று வந்தது 1.2. கனமான பட்டை பலமாகத் தோன்றும், ஆனால் வளையும்போது அதற்குத்தான் வலி அதிகம்.

அப்புறம் ஒட்டு. வெல்டிங் முடிந்து அப்படியே ஆறவிட்டால் அந்த இடம் கண்ணாடி மாதிரி எளிதில் உடைவதாக ஆகிவிடும். மறுபடி சூடாக்கிப் பதம் இறக்காமல் (அந்தக் கடினத்தைக் குறைக்காமல்) தயவுசெய்து அனுப்பாதீர்கள். எங்கள் பக்கத் தப்பும் உண்டு. சாணைக்கல்லை அழுத்திப் பிடித்துக் குழியை நீலமாக்கினால் அங்கேயே விரிசல் தொடங்கும். இப்போது நான் ஒரே அழுத்தாக அழுத்தாமல், லேசாகப் பல சுற்று விடுகிறேன்.

அன்று அறுந்த துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். விரிசல் ஒட்டில் இல்லை, பல்லடிக் குழியில்தான் தொடங்கியிருக்கிறது. அடுத்த பிளேடு கொண்டு வரும்போது கேளுங்கள், காட்டுகிறேன்.